உயர்த்திய ஃபோர்டு சூப்பர் டூட்டி: அறிகுறியிலிருந்து கோளாறைப் பிடிப்பது

லிஃப்ட் கிட் (உயரத்தைக் கூட்டும் பாகத் தொகுப்பு) போட்டு உயர்த்திய, 2005 முதல் 2016 வரை வந்த ஃபோர்டு எஃப்-250, எஃப்-350 நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்காக எழுதியது இது. முன்னால் டேனா 60 ஒற்றை ஆக்ஸில் (இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே அச்சு), காயில் ஸ்பிரிங் (சுருள்வில்), இரண்டு ரேடியஸ் ஆர்ம் (ஆக்ஸிலைச் சேஸியோடு பிடிக்கும் நீளக் கைகள்). பின்னால் லீஃப் ஸ்பிரிங் (பட்டைவில்), அதற்கும் ஆக்ஸிலுக்கும் நடுவில் ஒரு பிளாக் (உயரம் தரும் கட்டை). 1999–2004 வண்டிகளில் முன்பக்கமும் லீஃப் ஸ்பிரிங்தான். அவற்றுக்கு முன் ஆக்ஸில் பற்றிச் சொல்வது பொருந்தாது, பின் ஆக்ஸில் பற்றியது பொருந்தும்.

ஆக்ஸில் இடவலமாக நகராமல் பிடிக்கும் குறுக்குத் தண்டை அமெரிக்காவில் டிராக் பார் என்கிறார்கள். ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து வலது சக்கரத்துக்குப் போகும் தண்டின் பெயர் டிராக் லிங்க். தமிழில் இரண்டும் ஒன்றுபோல ஒலிப்பதால், முதலாவதை இங்கே பான்ஹார்டு ராடு என்றே எழுதுகிறோம்.

ஸ்பிரிங்கையோ பிளாக்கையோ மாற்றினால் உயரம் கிடைத்துவிடும். ஆனால் ரேடியஸ் ஆர்ம், பான்ஹார்டு ராடு, டிராக் லிங்க், டிரைவ் ஷாஃப்ட் (எஞ்சின் சுழற்சியை ஆக்ஸிலுக்குக் கொண்டு போகும் தண்டு) எல்லாம் பழைய உயரத்துக்குக் கணக்குப் போட்டு வைத்தவை. அவற்றின் சாய்வைத் திருத்தாமல் விட்டதுதான் கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர். அதனால் பாகம் வாங்கும் முன் ஒரு டேப்பும் டிஜிட்டல் கோணமானியும் வாங்குங்கள். வண்டியைப் பிரிக்கும் முன்பே நான்கு சக்கரத்திலும் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை எவ்வளவு, பின் ஆக்ஸில் பினியன் (டிரைவ் ஷாஃப்ட் வந்து சேரும் மூக்கு) எத்தனை டிகிரி, டிரைவ் ஷாஃப்ட் எத்தனை டிகிரி, கேஸ்டர் (முன் சக்கரம் திரும்பும் அச்சு முன் பின்னாகச் சாயும் கோணம்) எவ்வளவு என்று குறித்து வையுங்கள். பழைய எண் கையில் இல்லாவிட்டால் பிறகு செய்வதெல்லாம் ஊகம்தான்.

மேடு பள்ளத்தில் ஏறியதும் ஸ்டீயரிங் பயங்கரமாக உதறுகிறது, வேகம் குறைத்தால்தான் நிற்கிறது

பட்டறைகளில் டெத் வாபிள் என்று சொல்வது இதைத்தான். பெரும்பாலும் மணிக்கு 45 முதல் 65 மைல் வேகத்தில், பால இணைப்பு மாதிரி ஒரு தட்டல் கிடைத்த நொடியில் தொடங்கும். முன் ஆக்ஸில் முழுவதும் இடவலமாக ஆடும், கை ஸ்டீயரிங்கில் நிற்காது. ஓட்டும்போது வந்தால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, மெதுவாக வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள்.

வேகத்துக்கு ஏற்பக் கூடிக் குறையும் லேசான நடுக்கம் வேறு, இது வேறு. அந்த நடுக்கத்துக்கு டயர் பேலன்ஸ் காரணமாக இருக்கும். டெத் வாபிளில் எங்கோ ஒரு மூட்டில் ஆட்டம் இருக்கிறது. அந்த ஆட்டம் தட்டலை விழுங்காமல் திருப்பி அடிக்கிறது, அடி மாறி மாறிப் பெருகுகிறது.

ஸ்டீயரிங் டேம்பரை (ஸ்டீயரிங் உதறலை அடக்கும் ஷாக்) மாற்றினால் தீர்ந்துவிடும் என்று நிறையப் பேர் இரட்டை டேம்பர் போடுகிறார்கள். சில வாரம் அமைதியாக இருக்கும். அந்த அமைதியில் தேய்ந்த மூட்டு இன்னும் தேயும், அடுத்த முறை உதறல் இன்னும் மோசமாக வரும். கோளாறைக் கண்டுபிடிக்கும் வரை டேம்பரைத் தொடாதீர்கள். முடிந்தால் அதைக் கழற்றி வைத்துவிட்டுச் சோதியுங்கள், ஆட்டம் தெளிவாகத் தெரியும்.

சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். வண்டி தரையில் நான்கு டயரிலும் நிற்கட்டும், ஜாக்கி வேண்டாம். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, எஞ்சினை ஓட விடுங்கள். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை மணியில் 11-க்கும் 1-க்கும் நடுவில் சட் சட்டென்று திருப்ப வேண்டும். மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டின் மேலும் கை வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலில் பான்ஹார்டு ராடு. சேஸி முனையில், ஓட்டுநர் பக்கம், ஒரு பால் ஜாயிண்ட் இருக்கிறது. ஆக்ஸில் முனையில் ரப்பர் புஷ். பால் ஜாயிண்டின் கூட்டில் பாதி, தண்டில் பாதி படும்படி ஒரு விரலை வையுங்கள். நல்ல மூட்டில் இரண்டும் சேர்ந்தே நகரும். தேய்ந்த மூட்டில் ஸ்டீயரிங் திரும்பும் ஒவ்வொரு தடவையும் விரலுக்கடியில் 'டக்' என்று ஒரு சின்னத் துள்ளல் வரும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்கூட விரலுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது, லிஃப்ட் கிட்டோடு வந்த பான்ஹார்டு இறக்கப் பிராக்கெட் (தண்டின் சேஸி முனையைத் தாழ்த்திப் பிடிப்பது). உயர்த்திய வண்டிகளில் இதுதான் முதல் சந்தேகம். பிராக்கெட் சேஸியோடு சேரும் இடத்தில் போல்ட் தலையைச் சுற்றிப் பாருங்கள். பெயிண்ட் உரிந்து பிறைநிலா மாதிரி ஒரு பளபளப்புத் தெரிகிறதா? வாஷருக்கு அடியிலிருந்து செம்பழுப்புத் துரு மாவு கசிந்திருக்கிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் பிராக்கெட் நகர்கிறது என்று அர்த்தம். போல்ட்டைக் கழற்றித் துளையைப் பாருங்கள். வட்டமாக இருக்க வேண்டிய துளை முட்டை வடிவமாகியிருந்தால், எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. பிராக்கெட்டை மாற்ற வேண்டும், அல்லது துளையைச் சீராகப் பெரிதாக்கி அதற்குப் பொருந்தும் பெரிய போல்ட் போட வேண்டும். புதுப் பிராக்கெட்டுக்கு அடியில் தடித்த பவுடர் பூச்சு இருந்தால், சேரும் முகத்தை மட்டும் சுரண்டிவிட்டுப் பொருத்துங்கள். அந்தப் பூச்சு நசுங்கித்தான் போல்ட் தளர்கிறது.

பான்ஹார்டு சரியென்றால் இந்த வரிசையில் போங்கள்: டை ராடு (இரண்டு முன் சக்கரத்தையும் சேர்த்துத் திருப்பும் தண்டு) முனைகள், டிராக் லிங்க் முனைகள், பிட்மேன் ஆர்ம் (ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து டிராக் லிங்க்கை நகர்த்தும் கை) நட்டு, ஸ்டீயரிங் பெட்டியைச் சேஸியில் பிடிக்கும் போல்ட்டுகள், ரேடியஸ் ஆர்ம் பின் புஷ். கடைசியாக ஜாக்கியில் தூக்கிப் பால் ஜாயிண்ட்டும் வீல் பேரிங்கும். டயருக்கடியில் கடப்பாரை கொடுத்து நெம்பினால் பால் ஜாயிண்ட் ஆட்டம் தெரியும். ஸ்டீயரிங் பெட்டியின் மேல் திருகை இறுக்கி ஆட்டத்தைக் குறைக்கும் பழக்கம் வேண்டாம். அளவு மீறினால் நடுநிலையில் பிடித்துக்கொள்ளும், திருப்பிய பிறகு தானாகத் திரும்பி வராது.

எல்லா மூட்டும் கெட்டியாக இருந்தும் உதறல் வந்தால் டயரும் கேஸ்டரும்தான் மிச்சம். 35 அங்குல டயரில் காற்று அதிகமாக இருந்தால் தொடங்குவது எளிது. டயரை முன் பின்னாக மாற்றிப் போட்டுப் பாருங்கள். உதறல் போய்விட்டால் அந்த ஜோடியில்தான் குறை.

நேர் சாலையில் அலைகிறது, திருப்பிவிட்டால் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வரவில்லை

கேஸ்டர் குறைந்துவிட்டது. ரேடியஸ் ஆர்ம் ஆக்ஸிலோடு இறுகப் பிடித்தது, பின் முனை மட்டும்தான் சேஸியில் சுழலும். சேஸி உயர்ந்தால் பின் முனையும் உயரும். ஆக்ஸிலின் தலை முன்பக்கம் சாயும். ஆர்ம் நீளத்தை ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பின் முனை ஒவ்வொரு அங்குலம் உயர்வதற்கும் சுமார் 1.45 டிகிரி கேஸ்டர் போகும். 4 அங்குல லிஃப்ட்டில், முன்னும் பின்னும் சமமாக உயர்த்தினால், கிட்டத்தட்ட 6 டிகிரி. தொழிற்சாலையிலிருந்து வந்ததே அவ்வளவு இல்லை. அதனால் 4 அங்குலத்துக்கு மேல் ரேடியஸ் ஆர்ம் இறக்கப் பிராக்கெட் இல்லாத கிட்டை வாங்கவே கூடாது.

முன்பக்கம் மட்டும் 2½ அங்குலம் உயர்த்தும் லெவலிங் வேலையில் இழப்பு குறைவு. ஆர்மின் பின் முனை ஆக்ஸிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் இருப்பதால் அது 2½ அங்குலமும் உயர்வதில்லை, சுமார் 1.9 அங்குலம்தான். எனவே கணக்கில் 2½ டிகிரிக்குக் கொஞ்சம் கூடப் போகும். வண்டி ஓடும், ஆனால் லேசாக மிதக்கும். இதைப் பலர் "பெரிய டயர் அப்படித்தான்" என்று ஏற்றுக்கொள்கிறார்கள். ஏற்க வேண்டியதில்லை.

அலைன்மெண்ட் இயந்திரத்தில் ஏற்றி எண்ணை வாங்குங்கள். "எல்லாம் பச்சை" என்று சொல்லி அனுப்பினால் போதாது, தாளை அச்சிட்டு வாங்க வேண்டும். 35 அங்குல டயருக்கு 3 முதல் 5 டிகிரிக்குள் இருந்தால் வண்டி நேராகப் போகும். இடது வலது வித்தியாசம் அரை டிகிரிக்குள் இருக்க வேண்டும். கூடினால் கேஸ்டர் குறைந்த பக்கம் இழுக்கும்.

திருத்தும் வழி மேல் பால் ஜாயிண்ட் தண்டைச் சுற்றியிருக்கும் கோணப் புஷ். பல அளவுகளில் கிடைக்கிறது. ஒரே புஷ்ஷில்தான் கேஸ்டர், கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாயும் கோணம்) இரண்டும் அடங்கியிருக்கின்றன. எந்தத் திசையில் திருப்பி வைக்கிறோமோ அதற்கேற்பப் பங்கு பிரியும். முழுவதும் கேஸ்டருக்குத் திருப்பினால் கேம்பருக்கு மிச்சம் இருக்காது. 2 டிகிரிக்கு மேல் தேவைப்பட்டால் புஷ்ஷோடு போராடாதீர்கள். இறக்கப் பிராக்கெட்டோ, கோணம் திருத்திய ரேடியஸ் ஆர்மோ போடுங்கள்.

ரேடியஸ் ஆர்ம் போல்ட்டைக் கடைசியாக இறுக்கும்போது வண்டி தன் எடையில் தரையில் நிற்க வேண்டும். ஆக்ஸில் தொங்கும்போது இறுக்கினால், இறக்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதத்தில் கிழியும். பான்ஹார்டு ராடின் புஷ்ஷுக்கும், பின் லீஃப் ஸ்பிரிங் கண்களுக்கும் இதே விதி. எவ்வளவு முறுக்கு என்பதை வண்டியின் சர்வீஸ் கையேட்டிலிருந்தோ கிட்டின் தாளிலிருந்தோ எடுங்கள்; கைக்கணக்கு இங்கே உதவாது.

மேட்டில் ஏறினால் ஸ்டீயரிங்கைத் தொடாமலே வண்டி ஒரு பக்கம் திரும்புகிறது

கொஞ்சம் தள்ளி, வண்டிக்கு நேர் முன்னால் குந்தி உட்கார்ந்து பம்பருக்கு அடியில் பாருங்கள். டிராக் லிங்க்கும் பான்ஹார்டு ராடும் இரண்டு தண்டவாளம் போல இணையாகத் தெரிய வேண்டும். இணையாக இருந்தால் ஆக்ஸில் மேலும் கீழும் போகும்போது இரண்டும் ஒரே வளைவில் நகரும், சக்கரம் திரும்பாது. ஒன்று அதிகச் சாய்வாகவும் மற்றது படுக்கையாகவும் இருந்தால் ஒவ்வொரு மேட்டிலும் டிராக் லிங்க் சக்கரத்தைத் தள்ளும் அல்லது இழுக்கும்.

காரணம் பெரும்பாலும் பாதி வேலைதான். இறக்கப் பிட்மேன் ஆர்ம் போட்டுப் பான்ஹார்டு பிராக்கெட் போடாமல் விட்டிருப்பார்கள், அல்லது நேர்மாறாக. கோணமானியை ஒவ்வொரு தண்டிலும் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் ஒன்றிரண்டு டிகிரிக்குள் வர வேண்டும். 2½ அங்குலம் வரை பிட்மேன் ஆர்மைத் தொடத் தேவையில்லை. 4 அங்குலத்துக்கு மேல் இரண்டையும் சேர்த்தே இறக்க வேண்டும்.

ஸ்டீயரிங் கோணலாக நிற்கிறது, நிலைத்தன்மை விளக்கு எரிகிறது, ஒரு முன் டயர் வெளியே தள்ளித் தெரிகிறது

மூன்றும் ஒரே குடும்பம். பான்ஹார்டு ராடு சாய்ந்தால் அதன் கிடைமட்ட நீளம் குறையும். சேஸி முனை ஓட்டுநர் பக்கம் இருப்பதால் ஆக்ஸில் அந்தப் பக்கம் நகரும். ஒரு மாதிரிக் கணக்கு: 900 மி.மீ. தண்டு, தொடக்கத்தில் 100 மி.மீ. இறக்கம், அதற்கு மேல் 100 மி.மீ. உயர்வு. ஆக்ஸில் 17 மி.மீ. நகரும். கண்ணுக்கே தெரியும் அளவு.

இரண்டு பக்கமும் சேஸியிலிருந்து டயரின் உள் விளிம்பு வரை அளந்து பாருங்கள். வித்தியாசம் 6 மி.மீ.க்கு மேல் இருந்தால் நீளம் மாற்றக்கூடிய பான்ஹார்டு ராடு போட்டு நடுவுக்குக் கொண்டு வாருங்கள். ஆக்ஸிலை நடுவில் வைத்த பிறகுதான் ஸ்டீயரிங்கை நேராக்க வேண்டும். முறை மாறினால் இரண்டு தடவை செய்ய நேரும்.

நேராக்குவது டிராக் லிங்க் நடுவில் இருக்கும் திருகுக் குழாயில். இரண்டு கிளாம்ப்பையும் தளர்த்தி, எண்ணெய் விட்டு, குழாயைத் திருப்புங்கள். கால் சுற்றுக்கே ஸ்டீயரிங் நன்றாக நகரும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக. இறுக்கும்போது கிளாம்ப் போல்ட் ஸ்பிரிங்கிலோ பான்ஹார்டிலோ தட்டாத திசையில் நிற்கிறதா என்று இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். ஸ்டீயரிங் சக்கரத்தைக் கழற்றி நேராக மாட்டும் குறுக்கு வழி வேண்டாம். ஸ்டீயரிங் கோண சென்சார் உள்ள வண்டியில் கணினி அப்போதும் வண்டி திரும்புகிறது என்றே நினைக்கும், தேவையில்லாத நேரத்தில் ஒரு சக்கரத்தில் பிரேக் பிடிக்கும்.

நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது அடியில் குலுங்குகிறது. அல்லது 50, 60 மைலில் ஓர் அதிர்வு

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். கிளம்பும்போது மட்டும் குலுங்கி 20 மைலுக்குள் நின்றுவிட்டால், இரண்டு துண்டு டிரைவ் ஷாஃப்ட்டும் நடு பேரிங்கும் காரணம். பின்னால் பிளாக்கை உயர்த்தியபோது பின் துண்டின் சரிவு கூடிவிட்டது. நடு பேரிங்கைச் சேஸியிலிருந்து கொஞ்சம் இறக்கினால் சரிவு இரண்டு துண்டுக்கும் பங்காகும். ஸ்பேசர் வாங்கும் முன் பேரிங் போல்ட்டில் 6 மி.மீ., பிறகு 12 மி.மீ. கனத்துக்கு வாஷர் அடுக்கி ஓட்டிப் பாருங்கள். எந்தக் கனத்தில் குலுக்கல் அடங்குகிறதோ அந்த அளவில் ஸ்பேசர் போடுங்கள். வாஷரை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

வேகத்தில் வரும் அதிர்வுக்கு அதன் துடிப்பே துப்பு. 35 அங்குல டயர் 60 மைல் வேகத்தில் விநாடிக்கு ஏறக்குறைய 10 சுற்றுச் சுற்றும். 3.73 கியர் விகிதத்தில் டிரைவ் ஷாஃப்ட் அதே நேரத்தில் 36 சுற்று. யு-ஜாயிண்ட் (ஷாஃப்ட் முனையில் வளைந்து கொடுக்கும் மூட்டு) கோணம் தவறியிருந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு துடிப்பு, அதாவது 72. கைப்பேசியை இருக்கைக்கு அடியில் வைத்து அதிர்வு அளக்கும் செயலியில் பாருங்கள். 10-ஐ ஒட்டி வந்தால் டயர், 36 என்றால் ஷாஃப்ட் பேலன்ஸ், 72 என்றால் கோணம். நாள் முழுக்க டயர் பேலன்ஸ் கடையில் நிற்பதை இந்த ஒரு அளவு மிச்சப்படுத்தும்.

கோணத்துக்கான விதி: டிரான்ஸ்ஃபர் கேஸின் (இழுவையை முன்னும் பின்னும் பிரிக்கும் பெட்டி) வெளித்தண்டும் பின் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும், வித்தியாசம் 1 டிகிரிக்குள். ஒவ்வொரு யு-ஜாயிண்ட்டும் 1 முதல் 3 டிகிரிக்குள் வேலை செய்தால் நல்லது. சுழியமும் கெடுதல்தான், ஊசி பேரிங் உருளாமல் ஒரே இடத்தில் குழி விழும். பினியன் மூக்கை உயர்த்த வேண்டுமென்றால், சரிவுக் கட்டையின் (ஸ்பிரிங்குக்கு அடியில் வைக்கும் ஆப்பு) கனமான முனை வண்டியின் பின்பக்கம் பார்க்க வேண்டும். திருப்பி வைத்துவிட்டு அதிர்வு கூடிவிட்டது என்று தவிப்பது அடிக்கடி நடக்கிறது. கழற்றும் முன் அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் பின்பக்கம் துள்ளுகிறது

உயரமான பிளாக்கின் விலை இது. பிளாக் எவ்வளவு உயரமோ, ஆக்ஸில் முறுக்கும்போது லீஃப் ஸ்பிரிங்கை அவ்வளவு நீளமான நெம்புகோல் திருகுகிறது. ஸ்பிரிங் 'எஸ்' வடிவத்தில் வளைந்து, தாங்காமல் திரும்பி அடிக்கிறது. டீசல் எஞ்சினில் இன்னும் மோசம்.

முதலில் ஆக்ஸிலை ஸ்பிரிங்கோடு கட்டும் யு போல்ட்டைப் பாருங்கள். தளர்ந்திருந்தால் துள்ளலும் இருக்கும், பிளாக்கின் நடு ஊசி வெட்டுப்படும் அபாயமும் இருக்கும். யு போல்ட் ஒரு தடவை இறுக்கினால் நீளும், அதைக் கழற்றி மீண்டும் போடக் கூடாது. ஒவ்வொரு தடவையும் புதிது. நான்கு நட்டையும் குறுக்குக் குறுக்காக, மூன்று கட்டமாக இறுக்குங்கள். பிறகு பிளாக்கின் நான்கு பக்கமும் ஸ்பிரிங்கோடு இடைவெளியில்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று காகிதம் நுழைத்துப் பாருங்கள்.

பிளாக்கின் மேல் பிளாக் அடுக்குவது எந்த உயரத்திலும் கூடாது. எஃப்-250-க்கு உள்ளதைவிட எஃப்-350-க்குத் தொழிற்சாலையிலேயே உயரமான பிளாக் வருகிறது. கிட் கேட்கும்போது எந்த வண்டி என்று சொல்லாவிட்டால் தவறான உயரம் வந்து சேரும். பழைய பிளாக்கை எடுத்துவிட்டு ஒரே துண்டு வார்ப்பிரும்பு அல்லது கட்டிச் செய்த எஃகுப் பிளாக் போடுங்கள். முன் ஆக்ஸில் லீஃப் ஸ்பிரிங்காக உள்ள பழைய வண்டிகளில் முன்னால் பிளாக் வைப்பது இன்னும் ஆபத்து. பிரேக் பிடிக்கும்போது பிளாக் உருண்டு வெளியேறினால் ஸ்டீயரிங்கும் போய்விடும்.

துள்ளல் நிற்காவிட்டால் டிராக்‌ஷன் பார் (ஆக்ஸில் முறுக்காமல் பிடிக்கும் தண்டு) உதவும். இதைவிட நல்லது, குட்டைப் பிளாக்கும் உயரமான லீஃப் ஸ்பிரிங்கும்.

சத்தங்கள்

வேகத்தடை தாண்டி முன்பக்கம் கீழிறங்கும்போது ஒற்றை 'டங்': ஷாக் அப்சார்பர் குட்டை. ஷாக்கின் ஒரு முனையைக் கழற்றி, ஆக்ஸிலை முழுசாகத் தொங்கவிட்டு, இரண்டு முனைக்கும் நடுவில் அளந்து, ஷாக்கின் முழு நீளத்தோடு ஒப்பிடுங்கள். ஷாக் அளவுக்கு மீறி நீளமாக இருந்தாலும் கெடுதல், காயில் ஸ்பிரிங் தளர்ந்து இருக்கையிலிருந்து நழுவும். அப்போது வரும் சத்தம் தாறுமாறாக இருக்கும். காயிலின் வால் முனை அதன் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா, ரப்பர் தட்டு மடங்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

சின்ன மேட்டிலெல்லாம் கட கடவென்று: ஸ்டெபிலைசர் பாரின் (வண்டி ஒரு பக்கம் சாயாமல் தடுக்கும் தண்டு) இணைப்புகள். மேலே இழுத்துக்கொண்டு நிற்கும் பாருக்கு நீளமான இணைப்போ இறக்கக் கட்டையோ வேண்டும்.

மேலே ஏறும்போது இரும்பும் இரும்பும் மோதும் கனத்த அடி: பம்ப் ஸ்டாப்பை (ஆக்ஸில் மேலே வந்து மோதாமல் தாங்கும் ரப்பர்) நீட்டவில்லை. ஷாக் முழுதும் உள்ளே போய் முட்டும் முன் ரப்பர் தாங்க வேண்டும். உயர்த்திய அளவுக்கு ரப்பரையும் இறக்குங்கள், இல்லாவிட்டால் ஷாக்கின் உள் வால்வு உடையும்.

ஏ.பி.எஸ். விளக்கு, நான்கு சக்கரம் பிடிக்கவில்லை, ஏசி காற்று கண்ணாடிக்குப் போகிறது

கடைசியாகச் சொன்னதற்கும் லிஃப்ட்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று பலருக்குத் தோன்றாது. முன் ஹப்புகள் வெற்றிட அழுத்தத்தில் பூட்டிக்கொள்ளும் வண்டிகளில், மெல்லிய வெற்றிடக் குழாய் சேஸியிலிருந்து ஸ்டீயரிங் நக்கிளுக்குப் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பாகம்) போகிறது. ஆக்ஸில் கீழிறங்கியபோது அது இழுபட்டுப் பிடுங்கிக்கொள்ளும். 2005–2007 டீசலில் ஏசி கதவுகளும் அதே வெற்றிடத்தில்தான் நகர்கின்றன. ஒழுக்கு வந்தால் காற்று முகத்துக்கு வராமல் முன் கண்ணாடிப் பக்கம் போய்விடும். ஏசியைப் பிரிக்கும் முன் நக்கிள் குழாயைப் பாருங்கள். அதுவரை ஹப்பின் முகத்தில் உள்ள திருகைக் கையால் பூட்டு நிலைக்குத் திருப்பி ஓட்டலாம்.

ஏ.பி.எஸ். கம்பி, பிரேக் குழாய், ஆக்ஸில் மூச்சு விடும் காற்றுக் குழாய் மூன்றையும் அதே நேரத்தில் பாருங்கள். ஆக்ஸில் முழுசாகத் தொங்க, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, எங்காவது விறைக்கிறதா என்று விரலால் அழுத்துங்கள். விறைத்தால் பிரேக் குழாய்க்கு இறக்கப் பிராக்கெட், இல்லையென்றால் நீளக் குழாய். காற்றுக் குழாய் கழன்றிருந்தால் நீர் தாண்டும்போது ஆக்ஸிலுக்குள் தண்ணீர் போகும். எண்ணெய் பால் நிறமாக மாறியிருந்தால் உடனே மாற்றுங்கள்.

டயர் உரசல், வேகமானி, விளக்கு

கடைசித் திருப்பில் உள்பக்கம் உரசினால் டயர் ரேடியஸ் ஆர்மைத் தொடுகிறது. நக்கிளில் உள்ள திருப்பு நிறுத்த போல்ட்டைக் கொஞ்சம் வெளியே எடுத்தால் போதும். வெளியே தள்ளும் சக்கரம் போட்டாலும் உரசல் நிற்கும்தான். ஆனால் தொழிற்சாலை ஆஃப்செட்டான (சக்கரம் ஹப்போடு சேரும் முகம் அதன் நடுக்கோட்டிலிருந்து தள்ளியிருக்கும் அளவு) +40 மி.மீ.யிலிருந்து வெகு தூரம் போனால் பால் ஜாயிண்ட்டும் வீல் பேரிங்கும் சீக்கிரம் தேயும், உரசல் பம்பர் மூலைக்கு மாறும்.

275/70ஆர்18 டயரின் உயரம் சுமார் 33.2 அங்குலம். 35 போட்டால் வேகமானி 60 காட்டும்போது உண்மை 63. 37 என்றால் கிட்டத்தட்ட 67. வண்டிக் கணினியின் அமைப்பை மாற்றும் ஃபோர்ஸ்கேன் மென்பொருளில் டயர் சுற்றளவை மாற்றிவிடலாம். வண்டி மந்தமாகத் தோன்றினால் 3.73 விகிதம் 37 டயரில் 3.35 போல நடந்துகொள்வதுதான் காரணம். பழைய இழுவை வேண்டுமென்றால் 4.10-க்கு மாற வேண்டும்.

முன்பக்கம் மட்டும் 2½ அங்குலம் உயர்த்தினால், 156 அங்குல வீல்பேஸில், ஹெட்லைட் ஏறக்குறைய 0.9 டிகிரி மேலே பார்க்கும். 50 மீட்டரில் ஒளி 80 செ.மீ. உயரும், எதிரே வருபவருக்குக் கண் கூசும். சமதரையில், சுவரிலிருந்து 7.6 மீட்டர் தள்ளி நிறுத்தி, பழைய வெட்டுக்கோட்டுக்கு (சுவரில் ஒளியின் மேல் விளிம்பு) இறக்குங்கள். டிரெய்லர் இழுக்கிறவர்கள் டிரெய்லரைப் பூட்டியே இதைச் சரிபார்க்க வேண்டும்.

டிரெய்லர் பூட்டினால் மூக்கு வானத்தைப் பார்க்கிறது, ஸ்டீயரிங் லேசாகிவிடுகிறது

தொழிற்சாலையில் பின்பக்கம் உயரமாக வைத்தது பாரத்துக்காகத்தான். லெவலிங் கிட் அந்த இடத்தைத் தின்றுவிட்டது. பின் பிளாக்கை ஓர் அங்குலம் ஏற்றலாம், பாரம் பகிரும் ஹிட்ச் போடலாம், பின் ஸ்பிரிங்குக்கு உதவும் காற்றுப்பை போடலாம். காற்றுப்பை போட்டால் உயர்த்திய அளவுக்கு அதற்கு அடியிலும் ஸ்பேசர் வேண்டும், இல்லையென்றால் தொங்கும்போது பை கிழியும். இவை எதுவும் கதவு ஓரத்து ஸ்டிக்கரில் எழுதிய எடையைக் கூட்டாது. அமெரிக்காவின் வட கரோலைனாவில் 2021 டிசம்பர் 1 முதல், முன் ஃபெண்டர் பின்னதைவிட 4 அங்குலமோ அதற்கு மேலோ உயர்ந்திருந்தால் சட்ட மீறல். அங்கே ஓட்டுகிறவர்கள் டேப்பை எடுத்து அளந்து கொள்ளுங்கள்.

எந்தக் கோளாறைச் சரிசெய்தாலும், திறந்த ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்து பிராக்கெட் வரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போடுங்கள். 160 கி.மீ. ஓட்டி ஒரு தடவை, 800 கி.மீ.யில் இன்னொரு தடவை, யு போல்ட், பான்ஹார்டு, ரேடியஸ் ஆர்ம், பிட்மேன் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். சக்கர நட்டுக்கு 165 பவுண்டு-அடி, அதாவது 224 நியூட்டன் மீட்டர். கோடு உடைந்திருக்கும் போல்ட்டை அப்படியே இறுக்கிவிட்டு நகராதீர்கள்; கழற்றித் துளையைப் பார்த்த பிறகு இறுக்குங்கள்.